சட்டைப் பையில் ஒரு பட்டறை

மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் கத்தியை எம்மவர் வில்லுக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் அழைப்பர். பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தின் எச்சம் பேனாக்கத்தி என்ற பெயர். அந்தக் கத்தியோடு குத்தூசி, திருப்புளி, கத்தரிக்கோல் முதலியவற்றையும் ஒரே பிடிக்குள் மடக்கி உலகெங்கும் பரப்பிய பெருமை, சுவிற்சர்லாந்தின் சுவீஸ் மாநிலத்திலுள்ள ஈபாக் என்னும் சிற்றூரைச் சாரும். அந்நாட்டிற் குடியேறி வாழும் எம்மவர் பலரின் வீடுகளிலும் அந்தச் சிவப்பு நிறக் கத்தி ஒன்று இருக்கக்கூடும். அதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானது.

பல கருவிகளை ஒன்றாக மடக்கும் எண்ணம் சுவிஸ் மக்களுக்கே உரியதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃபிற்ஸ்வில்லியம் நூதனசாலையில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கருவி ஒன்று உள்ளது. வெள்ளியாலான அக்கருவியில் கரண்டி, முட்கரண்டி, கூர்முனை, கத்தி என்பன மடங்கியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரக் கொல்லர்களும் இத்தகைய கத்திகளுக்குப் பெயர் பெற்றிருந்தனர். ஹேர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மொபி டிக்’ நாவலில், எந்த வேலைக்கும் கைகொடுக்கும் கப்பல் தச்சன் ஒருவனை ஷெஃபீல்ட் கத்திக்கு ஒப்பிடுகிறார். சுவிஸ் கத்தி பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத உவமையாக அது இருந்திருக்கிறது.

இனி ஈபாக்கிற்கு வருவோம். கார்ள் எல்சனர் என்பவர் 1884ஆம் ஆண்டு அங்கு ஒரு கத்திப் பட்டறையை ஆரம்பித்தார். இன்று செல்வத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் சுவிற்சர்லாந்து அன்று அவ்வாறு இருக்கவில்லை. மலைப் பகுதிகளில் தொழில் இல்லை. இளைஞர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஊரில் வேலை உண்டாக்க வேண்டும் என்பதே எல்சனரின் எண்ணம். பிழைக்க வழியின்றி ஊரைவிட்டுப் புறப்படுவது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று மக்களை வெளியே அனுப்பிய நாடு பின்னர் எம்மவரையும் அகதிகளாக ஏற்றது என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

அவ்வேளையில் சுவிஸ் இராணுவம் 1889ஆம் ஆண்டு மாதிரியான ஷ்மிட்–ரூபின் துப்பாக்கியைப் புதிதாக ஏற்றிருந்தது. அதைக் கழற்றித் துப்புரவு செய்யத் திருப்புளி வேண்டும். தகரத்தில் அடைத்த உணவு வழங்கப்பட்டதால் அதைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இரண்டையும் தனித்தனியே சுமக்காமல், கத்தி, குத்தூசி, தகரந்திறப்பான், திருப்புளி ஆகிய நான்கையும் ஒரே பிடியில் அடக்கிய கத்தியொன்றை இராணுவம் கோரியது. ஆக, இந்தக் கத்தி எவரையும் குத்துவதற்காகப் பிறந்ததன்று. துப்பாக்கியைத் துடைக்கவும் சாப்பாட்டுத் தகரத்தைத் திறக்கவுமே பிறந்தது. பிற்காலச் சட்டங்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தேவையான எண்ணிக்கையில் செய்து கொடுக்க அப்போது சுவிஸ் பட்டறை எதற்கும் வசதி இருக்கவில்லை. முதல் 15,000 கத்திகளை ஜேர்மனியின் சொலிங்கன் நகரிலுள்ள வெஸ்டர் நிறுவனமே செய்தது. சொந்த நாட்டு இராணுவத்தின் கத்தியை அயல்நாட்டான் செய்வதா என்ற ஆதங்கத்தில் எல்சனர் சுவிஸ் கத்திக் கொல்லர்களை ஒரு சங்கமாகத் திரட்டி, 1891இல் இராணுவத்துக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கினார். ஆனால் தேசப்பற்று கணக்கேட்டில் வரவாகப் பதியப்படுவதில்லை. சொலிங்கனின் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்தன; கையால் அடித்துச் செய்தவர்களால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினர். எல்சனர் தமது பொருளை எல்லாம் இழந்து கடனாளியானார். உறவினர்கள் கைகொடுத்திராவிடில் பட்டறை மூடப்பட்டிருக்கும்.

அவரைக் காப்பாற்றியது இன்னொரு கத்தி. சிப்பாய்க் கத்தி கருவாலி மரப் பிடியுடன் கனமாக இருந்தது. எனவே அதிகாரிகளுக்கென மெல்லிய, அழகான கத்தி ஒன்றை வடிவமைத்து, 1897 யூன் 12ஆம் திகதி அதைச் சட்டப்படி பதிவு செய்தார். முன்னைய நான்கு கருவிகளுடன் சிறிய கத்தி அலகும் தக்கை திருகியும் அதிற் சேர்ந்தன. ஆறு கருவிகளுக்கு ஆறு வில்தகடுகள் வைத்தால் கத்தி தடித்துவிடும். ஒரே எஃகுத் தகடு பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் அழுத்திப் பிடிக்கும் வண்ணம் அமைத்து, இரண்டே தகடுகளில் ஆறையும் அடக்கியதுதான் எல்சனரின் சாமர்த்தியம். வில்லுக்கத்தி என்ற எமது பெயருக்கு இதைவிடப் பொருத்தமான கத்தி வேறில்லை. வேடிக்கை என்னவெனில், அதிகாரிக் கத்தியை இராணுவம் தன் செலவில் வழங்கவேயில்லை. தக்கை திருகி போர்க்களத்துக்கு அத்தியாவசியம் எனக் கணக்காளர்கள் கருதவில்லை போலும். அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள்; பொதுமக்களும் வாங்கினார்கள்; கடன் அடைந்தது.

1909இல் எல்சனரின் தாயார் விக்டோரியா காலமானார். அவரது பெயரே கத்தியின் பெயராயிற்று. 1921இல் துருப்பிடிக்காத எஃகு பயன்பாட்டுக்கு வந்தபோது, அதற்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய ‘இனொக்ஸ்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொள்ள, விக்டோரினொக்ஸ் என்னும் பெயர் உருவாயிற்று.

இதற்கிடையில் பிரெஞ்சு மொழி பேசும் யூரா பகுதியில் வெங்கர் நிறுவனம் இரண்டாவது வழங்குநராக வளர்ந்திருந்தது. ஜேர்மன் மொழிப் பகுதிக்கு மட்டும் தொழிலா என்ற குறை எழாதிருக்க, 1908இல் அரசாங்கம் இராணுவக் கொள்வனவை இரு நிறுவனங்களுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது. ஒரு சாதாரண மடக்குக் கத்தியிலும் மொழிச் சமத்துவத்தைப் பேண வேண்டும் என அந்நாடு எண்ணியிருக்கிறது. மொழியின் பெயரால் நேர்ந்தவற்றைக் கண்ட எம் போன்றோருக்கு இது பெருமூச்சு விட வேண்டிய இடம். 2005இல் விக்டோரினொக்ஸ் வெங்கரை வாங்கியது. வெங்கர் கத்திகளும் இனி அதே பெயரில் வெளிவரும் என 2013இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் பின் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இக்கத்திகளை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர். ‘ஒஃபிற்சியர்ஸ்மெசர்’ என்ற ஜேர்மன் பெயர் அவர்களின் நாவில் நுழையவில்லை. ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்று அவர்கள் இட்ட பெயரே நிலைத்தது.

இதில் இல்லாத குறட்டைச் சேர்த்தவர் ஓர் அமெரிக்கர். ரிம் லெதர்மன் என்னும் பொறியியலாளர் 1975இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. மலிவு விடுதிகளில் தண்ணீர்க் குழாய்கள் ஒழுகின. பையிலிருந்த சாரணர் கத்தி போதவில்லை. ஊர் திரும்பியவர் ஆண்டுக் கணக்கில் உழைத்துக் குறட்டை நடுவில் வைத்த கருவிக்கு 1980இல் காப்புரிமை பெற்றார். கத்தி நிறுவனங்கள் இது கத்தியன்று என்றன. கருவி நிறுவனங்கள் இது கருவியன்று என்றன. 1983இல் நண்பர் ஸ்ரீவ் பேர்லினருடன் சேர்ந்து தாமே தயாரிக்கத் தொடங்கினார். இன்று ‘லெதர்மன்’ என்றாலே அவ்வகைக் கருவி என்று பொருள்.

2001 செப்டெம்பர் 11 இந்தச் சின்னக் கத்தியையும் விட்டுவைக்கவில்லை. விமானத்தில் அலகுள்ள எதையும் கையில் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினொக்ஸின் கத்தி விற்பனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. ஆயினும் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்யவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தது. ஊழியர்களை அயலிலுள்ள நிறுவனங்களுக்குத் தற்காலிகமாகக் கடன் கொடுத்தது. ஊரில் வேலை உண்டாக்கவே தொடங்கப்பட்ட பட்டறை அல்லவா! 2013இல் சிறிய கத்திகளை மீண்டும் அனுமதிக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் எண்ணியபோதும், விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் சில மாதங்களில் அது கைவிடப்பட்டது.

தரையிலும் நெருக்கடி குறையவில்லை. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக் கத்தியைக் காரணமின்றியும் வைத்திருக்கலாம். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அச்சலுகை இல்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலண்டனில் வாழும் எமது இளைஞர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நன்று. ஜேர்மனி 2008இல், ஒரு கையால் திறந்து பூட்டக்கூடிய கத்திகளைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டில் சுவிஸ் இராணுவம் தெரிவுசெய்த புதிய சிப்பாய்க் கத்தி ஒரு கையால் திறந்து பூட்டக்கூடியது. எல்லையின் ஒரு புறம் அரசாங்கம் கையில் கொடுப்பது, மறு புறம் தடைசெய்யப்பட்ட பொருள்.

ஒரு பொருள் கருவியா ஆயுதமா என்பதை அதைச் செய்தவன் தீர்மானிப்பதில்லை. சோதனை செய்பவனே தீர்மானிக்கிறான். 1990களில் வடக்கே கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருட்களில் ரோர்ச் பற்றரியும் ஒன்று என்பதை மறவாதோர் இதனை உடனே விளங்கிக்கொள்வர்.

2024 மே மாதத்தில், நிறுவனரின் வழித்தோன்றலான நான்காம் தலைமுறைக் கார்ள் எல்சனர், அலகே இல்லாத பையடக்கக் கருவிகளை உருவாக்கும் முயற்சி நடைபெறுவதாகத் தெரிவித்தார். சைக்கிள் ஓட்டுவோருக்கும் கொல்ஃப் விளையாடுவோருக்கும் தேவையான கருவிகளை அவர் உதாரணம் காட்டினார். அலகுள்ள கத்திகள் நிறுத்தப்படமாட்டா என்பதையும் நிறுவனம் பின்னர் விளக்கவேண்டியதாயிற்று.