மலையின் தலைவாசல்: காத்மாண்டுவின் ஆயத்த நாட்கள்

1951இல் ராணா குடும்பத்தின் ஆட்சி முடிவுற்று, நேபாளம் அயல்நாட்டாருக்குத் தன் கதவுகளைத் திறந்த பின்னரே, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டு, இமயமலைக்குச் செல்வோர் முதல் சில நாட்களைக் கழிக்கும் ஆயத்த நகரமாக உருப்பெற்றது. 1964இல் முன்னாள் ராணுவ அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ் ‘மவுண்டன் டிராவல்’ நிறுவனத்தைத் தொடங்கி, சிகரம் ஏறாமல் மலைப்பாதைகளில் பல நாட்கள் நடக்கும் ‘டிரெக்கிங்’ என்பதை ஒரு தொழிலாக வளர்த்தார். தரைவழியே வந்த இளைஞர்கள் முதலில் வசந்தபூரை ஒட்டிய ஜோச்சென் தெருவில் தங்கினர். பின்னர் தமேல் பகுதியில் விடுதிகளும் மலையேற்றக் கருவிக் கடைகளும் பெருகியதால், தனியே வந்தவர் அனுமதிச்சீட்டு பெறவும், உறக்கப்பையை வாடகைக்கு எடுக்கவும், வழித்துணை தேடவும் அதுவே இடமாயிற்று.

1964இல் மலையேற்ற வீரர் எட்மண்ட் ஹிலரியின் முயற்சியால், எவரெஸ்ட் செல்லும் வழியிலுள்ள லுக்லாவில் அமைந்த விமான ஓடுதளம் பல நாள் நடையைச் சுருக்கியபோது, படிப்படியாக உயரம் ஏறும் வாய்ப்பும் குறைந்தது. ஆகவே, குறைந்த ஆக்சிஜனுக்கு உடலைப் பழக்கும் பொருட்டு, அவ்வழியிலேயே 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில் தங்கிச் செல்வது இன்றியமையாத வழக்கமாயிற்று. மலையின் முன் மனிதர் பொறுமை கற்ற வரலாறே இக்காத்திருப்பின் வரலாறு.