33 ஆண்டுகள் தவறாகச் சொன்ன ஒரு வரி

வழக்கம்போல் நீண்ட பதிவுதான். ஆனால் இந்த முறை வாத்தியார் பாடம் நடத்த வரவில்லை, பிழை திருத்தம் எழுத வந்திருக்கிறேன். குறிப்பாக, என்னிடம் படித்து இன்று நீங்களும் ஆசிரியர்களாக இருப்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். செய்தியின் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதை எல்லாம் படித்துத் திருத்துவது. சிவப்பு மையை வைக்க மனம் வரவில்லை. "உங்களுக்கு எதற்கு ஊர் வம்பு?" என்று வீட்டம்மா கேட்காத நாளில்லை.

சென்ற மாதம் காலை உணவுத் திட்டம் பற்றிய செய்தி ஒன்றின் கீழே பெரிய சண்டை. "எல்லாம் இலவசம், நாடு கெட்டுப்போச்சு" என்று ஒரு கூட்டம். அதில் ஒருவர், "பள்ளியில் சோறு போட்டது 1920-லேயே ஆரம்பம். காமராஜர் அதைக் காப்பியடித்தார், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். முகத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ படம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "தம்பி, 1956-க்கு முன் இந்தியாவில் எங்கும் மதிய உணவு கிடையாது. வரலாறு படித்துவிட்டு வாருங்கள்" என்று எழுதினேன். சிறிது நேரத்தில் உங்களில் பலர் விருப்பக்குறி போட்டீர்கள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு மாணவி எழுதினாள். அவள் இன்று பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறாள்.

செம்பருத்திப் பூ கோபப்படவில்லை. "ஐயா, சென்னை மாநகராட்சி, 16-9-1920 தீர்மானம். பாருங்கள்" என்று ஒரு வரி மட்டும் பதில் எழுதியது.

மறுநாள் மாவட்ட மைய நூலகம் போனேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் சொன்னது சரி.

நடந்தது இதுதான். 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. ஏழைப் பிள்ளைகள் வயிற்றுக்கு இல்லாததால்தான் பள்ளிக்கு வருவதில்லை என்பதைக் கண்டுதான் இதைச் செய்தார்கள். பிறகு வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது போனது. சேர்க்கையும் கூடியது.

ஆனால் 1925-ல் அது நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க ஆங்கிலேய அரசு ஒப்பவில்லை. படிப்புக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி. இன்று செய்திக்குக் கீழே நடக்கிற சண்டையும் இதே கேள்விதான். நூறு வருடமாகியும் நாம் அதே இடத்தில் நின்று பேசுகிறோம்.

இனி மறுபக்கம். செம்பருத்திப் பூ "காப்பியடித்தார்" என்று எழுதியதும் சரியில்லை. அவருக்கும் அதை எழுதினேன், இந்த முறை மரியாதையாக. ஒரு நகரத்தின் சில பள்ளிகளில் நடந்து நின்றுபோனது ஒன்று. மாநிலத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய் நிலைக்க வைத்தது வேறொன்று. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்காக ஊர் ஊராக அலைந்தார். முழுச் செலவையும் அரசு ஏற்கவில்லை, ஊர்க்காரர்களும் ஒரு பங்கு தர வேண்டும். அரிசியும் விறகும் காய்கறியும் வீட்டு வாசலில் கேட்டு வாங்கிய ஆசிரியர்கள் பலர்.

அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் நான். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரும் கோதுமை ரவை உப்புமாவும்தான் பல நாள் எனக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அலுமினியத் தட்டைக் கழுவி அம்மாவுக்குத் தெரியாமல் தங்கைக்குக் கொஞ்சம் எடுத்துப் போவேன். அதனால்தான் காமராஜர் பெயரை ஒருவர் குறைத்துப் பேசியதும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் உண்மையைப் பார்க்கத் தவறினேன்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். நான் வேலையில் சேர்ந்தது 1983. அடுத்த ஆண்டே 15 வயது வரை நீட்டித்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் மதியத்துக்குப் பிறகு காலியாக இருந்த பெஞ்சுகள் நிறைந்ததை நானே பார்த்தேன். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் நாடு தழுவிய திட்டம் கொண்டுவந்தாலும் பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டன. சமைத்த உணவுதான் தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-ல் இங்கே காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து ஒரு படி எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்காரரும் இதில் ஒரு பெயரை அடித்துவிட்டுக் கதை சொல்ல முடியாது.

செம்பருத்திப் பூவிடம் அதே இடத்தில், எல்லோரும் பார்க்க, மன்னிப்புக் கேட்டேன். "காப்பி என்ற சொல்லை நானும் எடுத்துவிடுகிறேன் ஐயா" என்றார். எடுத்தும் விட்டார்.

ஆனால் அவரிடம் கேட்டால் போதாது. 33 ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று வகுப்பு, "மதிய உணவு முதன்முதலில் 1956" என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அதை எழுதி மதிப்பெண் வாங்கினீர்கள். 1920 என்று யாராவது எழுதியிருந்தால் அடித்திருப்பேன். என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியராக இருக்கும் மாணவர்கள் நாளை வகுப்பில் இதைத் திருத்திச் சொல்லுங்கள். "எங்கள் சார் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்" என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. இந்தப் பதிவிலும் பிழை இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். சார் சொன்னார் என்பதற்காக மட்டும் விருப்பக்குறி போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்