கொடைக்கானல் தந்த சூரியச் சான்று

பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. 1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அதனை 'எவர்ஷெட் விளைவு' என்றே உலகம் வழங்கி வருகிறது.

அவருடைய துணைவியார் மேரியும் வானியல் வல்லவர். கதிரவனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிய அவர்களது ஆய்வு 1917-இல் வெளிவந்தபோது, இருவர் பெயரையும் தாங்கியே வந்தது. அது நேர்மையான செயல். ஆயினும், நாள்தோறும் கதிரவனைப் படமெடுத்துக் கண்ணாடித் தகடுகளில் பதித்த உதவியாளர்களின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

அவர்கள் உழைப்பின் அருமை இன்று புலனாகிறது. 2022 பிப்ரவரியில் ஏவப்பெற்ற 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, சூரியக் கொந்தளிப்பால் எழுந்த காந்தப் புயலில் அழிந்தன. தகவல் தொடர்புக்கே இத்தகைய ஆபத்து நேரக் கூடுமாதலால், கதிரவனின் நெடுங்காலப் போக்கை உணர்த்தும் கொடைக்கானல் தகடுகளை ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றிப் பயில்கின்றனர்.

ஒரு கண்டுபிடிப்புக்கு ஒருவர் பெயரைச் சூட்டிவிடலாம். ஒரு நூற்றாண்டுச் சான்றுக்கோ ஆசிரியர் பலர். அவர்களையும் நன்றியுடன் நினைவுகூர்வதே அறிவுலகிற்கு அழகாகும்.