அமில மழையும் உமிழ்வுச் சந்தையும்: அமெரிக்கப் பழமைவாதச் சூழல் கொள்கையின் ஒரு கட்டம் (1970–2012)

அமெரிக்கப் பழமைவாதம் சூழல் காப்புக்கு இயல்பிலேயே பகையானது என்பது பரவலான கருத்து. குடியரசுக் கட்சி ஒரு காலத்தில் சூழலின் காவலனாக விளங்கிப் பின்னர் வழிமாறியது என்பது அதற்கான மறுப்பு. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆயினும் 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தை நுணுகி நோக்கின் இரண்டுமே போதாதவை எனப் புலனாகும். அத்திருத்தம் வகுத்த உமிழ்வு வணிக முறை பழமைவாதச் சிந்தனையின் கொடையாக இன்றும் சுட்டப்படுகிறது. அதே முறையைக் கரியமில வாயுவுக்கு விரிக்க முற்பட்ட 2009ஆம் ஆண்டில் அக்கட்சி ஏறத்தாழ ஒருமுகமாக எதிர்த்தது. பத்தொன்பது ஆண்டுகளில் மாறியது கோட்பாடா, அல்லது இழப்பை யார் தாங்குவது என்னும் கணக்கா என்பதே இங்கு எழும் வினா.

சிக்கலின் வேர் 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் காலத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோன்றியது. அவ்வாண்டின் இறுதி நாளில் தூய காற்றுச் சட்டத்திலும் அவர் கையொப்பமிட்டார். (அதே நிக்சன் 1972இல் தூய நீர்ச் சட்டத்தைத் தடுக்க முயன்று தோற்றார் என்பதைக் காவலர் மரபு பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர்.) புதிய அனல்மின் நிலையங்களுக்குக் கடும் நெறிகளை விதித்த அச்சட்டம் பழைய நிலையங்களைப் பெரிதும் விட்டுவைத்தது. தரைமட்டக் காற்றின் தரத்தைக் காக்க ஒஹையோ பள்ளத்தாக்கு நிலையங்கள் புகைபோக்கிகளை உயர்த்தின. அருகிலுள்ள ஊர்கள் தப்பின. கந்தக டை ஆக்சைடு காற்றோடு நெடுந்தொலைவு சென்று நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் ஏரிகளிலும் கனடாவிலும் அமில மழையாக இறங்கியது. 1977ஆம் ஆண்டுத் திருத்தமோ, குறைந்த கந்தகமுள்ள மேற்கத்திய நிலக்கரியை எரித்தாலும் கந்தகம் நீக்கும் கருவி தேவை என்னும் நிலையைப் புதிய நிலையங்களுக்கு உருவாக்கியது. கிழக்குச் சுரங்கங்களின் நலன் அதில் கலந்திருந்தது.

ரொனால்ட் ரேகன் ஆட்சி மேலும் ஆராய்ச்சி வேண்டும் எனக் கூறி அமில மழைச் சட்டத்தை ஒத்திப்போட்டது. மேலவையில் தடையாக நின்றவரோ எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைவர், நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். சட்டத்தை வலியுறுத்தியோருள் ரோட் ஐலண்டின் ஜான் சாஃபீ, வெர்மாண்ட்டின் ராபர்ட் ஸ்டாஃபோர்ட் ஆகிய வடகிழக்குக் குடியரசுக் கட்சியினர் முன்னணியில் இருந்தனர். ஆக, பிளவு கட்சிவழிப்பட்டதன்று. காற்று வீசும் திசைவழிப்பட்டது.

உமிழ்வு உரிமத்தை விற்கலாம் என்னும் எண்ணம் ரொனால்ட் கோஸின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையோடும், கனடாப் பொருளியலாளர் ஜே. எச். டேல்ஸின் 1968ஆம் ஆண்டு நூலோடும் தொடர்புடையது. அதை 1988இல் அரசியல் மேடைக்குக் கொணர்ந்த ‘புராஜெக்ட் 88’ அறிக்கையை ஜனநாயகக் கட்சியின் டிம் வர்த், குடியரசுக் கட்சியின் ஜான் ஹைன்ஸ் என்னும் இரு மேலவை உறுப்பினர்கள் ஆதரித்தனர். சூழல் பாதுகாப்பு நிதியம் என்னும் தன்னார்வ அமைப்பும் துணைநின்றது. ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் பாய்டன் கிரே அதை ஏற்றார். இம்முறையைப் பழமைவாதத்தின் தனிக்கொடை எனல் மிகைக்கூற்றே.

1990 நவம்பர் 15இல் கையொப்பமான சட்டம், கந்தக டை ஆக்சைடு உமிழ்வை 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து 1 கோடி டன் குறைக்கக் கோரியது. மின் நிலையங்களுக்கான இறுதி உச்சவரம்பு ஆண்டுக்கு 89.5 லட்சம் டன். ஒரு டன்னுக்கு ஓர் உரிமம். மிஞ்சியதை விற்கலாம், சேமிக்கலாம். உரிமமின்றி உமிழ்ந்தால் டன்னுக்கு 2,000 டாலர் தண்டம். ஒவ்வொரு புகைபோக்கியிலும் இடைவிடா அளவுமானி பொருத்தப்பட்டது. சந்தை எங்கு, எவ்வழியில் குறைப்பது என்பதை மட்டுமே தீர்மானித்தது. எவ்வளவு என்பதை அரசு சட்டத்தால் விதித்தது. பிற்காலப் புகழுரைகளில் சந்தை நிலைத்தது. தண்டமும் அளவுமானியும் மறைந்தன.

1995இல் முதற்கட்டம் தொடங்கிய பின் உரிம விலை முன்மதிப்பீடுகளைவிட மிகக் குறைவாகவே இருந்தது. இதற்குச் சந்தை மட்டும் காரணமன்று. 1980ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டம் இருப்புப்பாதைக் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தது. அதனால் வயோமிங் மாநிலத்துப் பவுடர் ஆற்றுப் படுகையின் குறைகந்தக நிலக்கரி நடுமேற்கு நிலையங்களுக்கு மலிவாக வந்து சேர்ந்தது. ஆனால், 1977ஆம் ஆண்டு விதிபோல் கருவியைக் கட்டாயமாக்கியிருந்தால் இம்மலிவைப் பயன்கொள்ள இயலாது. முறையின் உண்மையான தகுதி இங்கேதான் உள்ளது.

மேற்கிலிருந்து வந்த அதே நிலக்கரி கிழக்கின் உயர்கந்தகச் சுரங்கங்களை நெருக்கியது. வேலையிழக்கும் தொழிலாளர்க்கு ஈடு வழங்க 1990 மார்ச்சில் பேர்ட் கொணர்ந்த திருத்தம் மேலவையில் 49–50 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. செலவு மிகும் என வெள்ளை மாளிகை எதிர்த்திருந்தது. இறுதிச் சட்டத்தில் பணிமாற்றப் பயிற்சிக்கென ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் மட்டும் இடம்பெற்றது. உமிழ்வைக் குறைத்த நிறுவனம் தன் மிச்சத்தை விற்க முடிந்தது. சுரங்கத் தொழிலாளியிடம் விற்பதற்கு எந்த உரிமமும் இல்லை. செலவுச் சிக்கனத்தைப் போற்றும் ஆய்வுகள் இதைப் பெரிதும் கடந்துசெல்கின்றன. அமெரிக்க நிலக்கரி வேலையிழப்பில் இயந்திரமயமாதலின் பங்கு பெரிது என்பது உண்மை. எனினும் சுரங்க ஊர்களின் நினைவில் குற்றவாளியாகப் பதிந்தது சூழல் சட்டமே. நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த மேற்கு வர்ஜீனியா 2000ஆம் ஆண்டில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு வாக்களித்தது.

2009 ஜூன் 26இல் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா பிரதிநிதிகள் அவையில் 219–212 என நிறைவேறியபோது ஆதரித்த குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேரே. ஓராண்டுக்கு முன் அக்கட்சியின் தலைவர் பதவி வேட்பாளர் ஜான் மெக்கெயின் இதே முறையைத் தம் தேர்தல் திட்டத்தில் வைத்திருந்தார். இப்போது எதிர்ப்பாளர் அதற்கு ‘உச்சவரம்பு வரி’ எனப் பெயரிட்டனர். கந்தகத்துக்கு மாற்று நிலக்கரி இருந்தது. கரியமில வாயுவுக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. காற்றின் கீழ்த்திசையிலிருந்து வாதாடிய வடகிழக்குக் குடியரசுக் கட்சியினரும் அவையில் அருகிவிட்டனர். மசோதா மேலவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

கந்தகச் சந்தையும் நெடிது வாழவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மாசுக்கான புதிய விதியை 2008இல் முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2011இல் முகமை வகுத்த மாற்று விதி மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைச் சுருக்கியது. 2012ஆம் ஆண்டு ஏலத்தில் ஒரு டன் உரிமம் ஒரு டாலருக்கும் குறைவாக விலைபோயிற்று.