குடியை மறக்க மாலையும் பன்னிரண்டு படிகளும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர் உண்டு. நோய் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பவர்களை அங்கே அமாவாசைகளில் பார்க்கலாம். நோயைக் கடவுளிடம் கொண்டுபோவது நம் மக்களுக்குப் புதிதல்ல. குடிநோயும் அப்படித்தான். அம்மன் கோயிலில் சத்தியம் செய்வார்கள், கையில் கயிறு கட்டுவார்கள், கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்ததும் கடைக்குப் போகிறவர்கூட ஒரு மண்டலம், அதாவது 41 நாள், அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

இது எப்படி முடிகிறது? மாலை போட்டவரை ஊரே 'சாமி' என்கிறது. விடியற்காலைக் குளியல், பூஜை, கூடவே விரதம் இருக்கும் நண்பர்கள், கேள்வி கேட்க ஒரு குருசாமி. சிக்கல் மாலையைக் கழற்றிய பிறகுதான். இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன!

இதே கேள்வியை அமெரிக்காவில் இருவர் சந்தித்தார்கள். பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் இருவருமே குடிநோயாளிகள். ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். 1935-ல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் சந்தித்தார்கள். ஒரு குடிநோயாளி இன்னொருவருக்கு உதவும்போது இருவருமே தப்பிக்கிறார்கள் என்று கண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1939-ல் அவர்களுடைய புத்தகத்தில் பன்னிரண்டு படிகள் வெளிவந்தன. தன்னால் முடியவில்லை என ஒப்புக்கொள்வது, செய்த தவறுகளைச் சொல்வது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது ஆகியவை அவற்றில் சில. கடவுள் யார் என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டுவிட்டார்கள். அதனால் எந்த மதத்தவரும் அங்கே உட்கார முடிந்தது. 1953-ல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் பழக்கத்துக்காகத் தொடங்கிய நார்காட்டிக்ஸ் அனானிமஸும் இதே படிகளைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-ல் வேரூன்றியது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்காவின் ஹேசல்டனில் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஹேசல்டன் சிகிச்சைக்கும் பன்னிரண்டு படிகள்தான் அடிப்படை. ஆனால் கூடவே மருத்துவரும் ஆலோசகரும் உண்டு. 1989-ல் மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தினார்கள். அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும். முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலை போட்டால் எந்தச் சாமியும் கோபிக்கப்போவதில்லை.

நம்பிக்கை ஒருவரை நிறுத்தவைக்கும். நிறுத்தியதைக் காப்பாற்றுவது கூட இருக்கும் மனிதர்கள்தான். 'இன்று ஒரு நாள் மட்டும்' என்பது ஏ.ஏ. வழக்கம். அந்தக் கணக்கில் 42-ம் நாளும் ஒரு நாள்தான். அன்றைக்கும் அவரை 'சாமி' என்று கூப்பிட்டு விசாரிக்க யாராவது வேண்டும்.