கடல் இல்லாத ஊரில் கப்பல் சண்டை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

"அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்தில் அது செய்தது இன்னும் பெரிய வேலை. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

அந்தக் காலத்தில் கப்பலை அதன் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதற்காகவே பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898இல் உலகப் போர்க்கப்பல்களின் படங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். சின்னஞ்சிறு கப்பல்களைப் பலகை மேல் நகர்த்திச் சண்டையிடும் விளையாட்டையும் உருவாக்கினார். கடற்படை அதிகாரிகளே அதை விளையாடினார்கள்.

பலகையிலிருந்து இந்த விளையாட்டு தண்ணீருக்கு வந்தது. இங்கிலாந்தில் ஸ்கார்பரோ என்ற ஊரின் பூங்கா ஏரியில் 1927 முதல் மாதிரிக் கப்பல் போர் நடக்கிறது. கப்பலுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ரேடியோ ரிமோட்டில் ஓடும் கப்பல்கள் வந்தன. உண்மையான கப்பலில் 144இல் ஒரு பங்கு அளவு. பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பால்சா மரம். வாயு அழுத்தத்தில் சிறு இரும்புக் குண்டு பாய்ந்து நிஜமாகவே ஓட்டை போடும். நீர்மட்டத்துக்கு மேலே ஓட்டை விழுந்தால் 10 புள்ளி, நீர்மட்டத்தில் 25, கீழே 50 என்பது அங்குள்ள ஒரு கணக்கு. மூழ்கிய கப்பலை எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி சண்டைக்கு விடுவார்கள்.

இதில் எவ்வளவு பாடம் இருக்கிறது பாருங்கள்! எம்டனின் நீளம் 118 மீட்டர். 144ஆல் வகுத்தால் 82 சென்டிமீட்டர். எடை சுமார் 3,600 டன். அதை ஒரு முறை வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் என மூன்று முறை வகுக்க வேண்டும். விடை 1.2 கிலோதான்! கன அளவு என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"கடலே இல்லாத கொங்கு நாட்டுக்குக் கப்பல் எதற்குங்க?" என்பீர்கள். நம் சூலூரில்தான் 1958இல் கடற்படையின் ஜெட் விமானப் பிரிவு தொடங்கியது. கோவையில் இன்றும் ஐ.என்.எஸ். அக்ரணி பயிற்சி நிலையம் இருக்கிறது. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய முகாமில் கப்பல் மாதிரி செய்யும் போட்டியே உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். ஓட்டை விழுந்த மாதிரிக் கப்பலைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் குட்டி பம்பு. மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற கோவையின் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா?

தொடங்குவது எளிது. குண்டு சுடும் கருவி பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களே கண்ணாடி அணிந்துதான் அதைத் தொட வேண்டும். மெல்லிய பிளைவுட்டில் ஒரு அடி நீளப் படகு செய்யுங்கள். கூழாங்கல் போட்டுப் பாதி உயரம் வரை அமிழ்த்துங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஆணியால் ஒரு ஓட்டை. எத்தனை விநாடியில் மூழ்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்து, அதே ஓட்டையோடு மீண்டும் விடுங்கள். அடுத்து பொம்மை மோட்டாரில் ஒரு பம்பு. ஒரே அளவு ஓட்டையோடு யாருடைய கப்பல் அதிக நேரம் மிதக்கிறதோ அவர் வென்றார். துப்பாக்கி இல்லாத கப்பல் போர் இது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும்; குட்டை, கிணறு பக்கம் போக வேண்டாம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

செல்போனில் ஒரு நாளில் நூறு கப்பலை மூழ்கடிக்கும் பிள்ளைக்கு, கப்பல் ஏன் மிதக்கிறது என்று தெரிவதில்லை. தன் கையால் செய்த ஒன்று கண்ணெதிரே மூழ்கினால், அடுத்ததை எப்படி மிதக்க வைப்பது என்று அதுவே யோசிக்கும். நமக்கு வேண்டியது அந்த யோசனைதான். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர்கள் இந்தக் கோடை விடுமுறையில் முயன்று பாருங்களேன்.