தலைக்குத் தண்ணீர் விடாத நோய்

மார்பகப் புற்றுநோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பழைய பயம் அல்ல. சிகிச்சைக்குப் பின் பல ஆண்டு வாழ்பவருக்குத்தான் அது வர முடியும். கட்டி புண்ணாகி உடைந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தில் நோய் முந்திக்கொண்டது. அது மறுபடி வருவதைப் பற்றிக் கவலைப்பட அவகாசமே இருக்கவில்லை. மருத்துவம் பலன் தரத் தொடங்கியதோடு கூடவே வந்த பயம் இது.

நோய்க்கு ஒரு முடிவுநாள் குறிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அன்றோடு சரி; இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். புற்றுநோயில் அந்த நாள் கிடையாது. அறுவை, கீமோ, 'கரண்ட் வைப்பது' என்று பேச்சில் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகும், "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றுதான் டாக்டர் அனுப்பிவைக்கிறார். நேர்த்திக்கடனை எப்போது செலுத்துவது?

தமிழகத்தில் இந்தத் தொடர் கண்காணிப்பை ஒரு முறையாக வளர்த்ததில் அடையாறு புற்றுநோய் மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார். 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. சிகிச்சை பெற்றவர் உயிரோடு இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று பதில் அட்டை இணைத்த கடிதம் போட்டும், வீடு தேடிப் போயும் விசாரிப்பது அந்த மையம் நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் வழக்கமானது. நம்மை மறக்கவில்லை என்ற ஆறுதலும், நோயும் மறக்கவில்லையோ என்ற கலக்கமும் அப்படிப்பட்ட கடிதத்தில் சேர்ந்தே வரும்.

இங்கிருந்து அடையாறு போக ஓர் இரவு ரயில் பயணம். மீட்டர் கேஜ் காலத்தில் கொல்லம் மெயில், இப்போது பொதிகை. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணியையும் காஜ் துணியையும் நெய்து ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகின்றன. காயத்துக்குக் கட்டும் துணி இங்கே, காயத்தைக் கவனிக்கும் இடம் மதுரையிலோ சென்னையிலோ என்பதே நெடுங்காலம் நிலைமை. தூரம் பயத்தைக் கூட்டியது. செக்கப் தேதிக்குப் பத்து நாள் முன்பே தூக்கம் கெடும். ரிப்போர்ட் கையில் வந்தால் தணியும். அடுத்த தேதி நெருங்கும்போது திரும்பும்.

'அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்லை' என்ற பேச்சு மருத்துவமனை வராந்தாக்களில் பிறந்தது. அது பாதி உண்மைதான். ஹார்மோனால் வளரும் வகை, ஐந்தாண்டுக்குப் பின்னும் இருபதாண்டு வரை திரும்பக்கூடும் என்று 2017-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இப்படித் தாமதமாகத் திரும்பக்கூடும் என்பதால்தான் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைச் சிலருக்குப் பத்தாண்டு வரை நீட்டிக்கிறார்கள்.

பயத்தையே தனியாக ஆராய்வது சிகிச்சை வளர்ந்த பின்னால்தான் வந்தது. மார்பகம் அகற்றப்பட்ட பெண்களிடம் இந்தப் பயத்தை ஆய்வாளர் லாரல் நார்த்ஹவுஸ் ஆராய்ந்து எழுதியது 1981-ல். நெருங்கிய துணை அதிகம் உள்ளவர்களுக்குப் பயம் குறைவு என்று அவர் கண்டார். பயம் தணிய அடிக்கடி சோதித்துப் பார்த்தால் என்ன? 1994-ல் வெளிவந்த இரண்டு இத்தாலிய ஆய்வுகள், அறிகுறி இல்லாதபோது அடிக்கடி எலும்பு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. மன நிம்மதிக்காக ஸ்கேன் எடுத்துப் பார்ப்போமே என்று கேட்கும் குடும்பத்துக்கு இதைப் புரியவைப்பது எளிதல்ல.

இப்போது மதுரையிலேயே சிகிச்சைக்கு வசதி உண்டு. 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் பின் வந்த முதலமைச்சர் திட்டமும் செலவைக் குறைத்தன. முதல் சில ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் பொதுவான முறை. தழும்பிலோ அக்குளிலோ புதுக் கட்டி, சில வாரமாகியும் விடாத எலும்பு வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் என்றால் தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். அறுவை நடந்த பக்கம் தோளில் ஏற்படும் இறுக்கமும் மரத்துப்போன உணர்வும் பெரும்பாலும் சிகிச்சையின் மிச்சமே.